பின்பக்கத்துச் சிலுவை

காலை ஆறு இருபதுக்கு, தூத்துக்குடி பழைய துறைமுகத்தருகே உள்ள என் குரோம் பட்டறையைத் திறந்தேன். ஆசிட் தொட்டியில் இரண்டு பித்தளை ஆணிகள் மட்டும் கிடந்தன. பழைய குரோமை உரிக்க முந்தின மாலை போட்ட சின்னம் தன் ஆணிகளை மட்டும் விட்டுக் கரைந்துபோயிருந்தது. பித்தளை என்று நினைத்தேன். அது துத்தநாக வார்ப்பு.

சேவியர் அண்ணாச்சி புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய லாஞ்சுப் படகின் இடப்பக்கச் சின்னம் அது. வலப்பக்கத்துக்கும் அதேபோல் ஒன்று செய்யத் தந்திருந்தார். கடலிலிருந்து அந்த லாஞ்சு மட்டும் திரும்பியது; அதில் போன அவர் தம்பி திரும்பவில்லை.

நல்லவேளையாக முன்பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தேன். பின்பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. அந்த அச்சில் இரண்டு வார்த்தேன். பின்பக்கங்களை அரம் போட்டு வழவழப்பாக்கி, குரோம் பூசி, ஒன்றைப் பழையது என்று அவர் கையில் கொடுத்தேன்.

அண்ணாச்சி அதைத் திருப்பி, பெருவிரலால் தடவினார்.

“ஏலே, இது தம்பி ஆணியால கீறுன சிலுவைலா. பாலீஷ் போட்டு அழிச்சிருப்பியோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்.”

எட்டிப் பார்த்தேன். சிறிய சிலுவை, ஒரு கை சற்றுக் கோணல். கீறலுக்குள் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

மேசையில் இருந்த இன்னொரு சின்னத்தைத் திருப்பினேன். அதன் பின்பக்கம் வழவழப்பாகவே இருந்தது.