என்னால் ஆகாது என்று சொன்ன கோமதி மேடம்

கோமதி மேடம் போய்விட்டார். நேற்று காலை, மலை அடிவாரத்தில் அவர் வீட்டிலேயே. மாரடைப்பாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இல்லையாம்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறி மேலே வந்து, ஏற்காட்டில் ஒரு சின்ன மாடி அறையில் கவுன்சிலிங் கொடுத்தவர்.

எனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்பீர்கள். நாலு வருடமாக எல்லோரிடமும் மறைத்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் மனைவி மலருக்குத் தூக்கமே போய்விட்டது. சாப்பாடும் இல்லை. குழந்தையைத் தூக்கிக் கொடுத்தால், "இது நம்ம பாப்பா இல்லீங்க, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க" என்று அழுவாள்.

எங்கள் நாகலூர்ப் பக்கம் இதற்கெல்லாம் ஒரே வழிதான். நரம்பு டாக்டர். நரம்பு என்று சொல்லிக்கொண்டால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள் இல்லையா...

சேலம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையிலும் நரம்பிலும் ஒரு கோளாறும் இல்லை, மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதோடு சரி.

மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன பேசும்? கவுன்சிலிங் என்றால் வெறும் பேச்சுதானே, அது போதும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எஸ்டேட்டில் வேன் ஓட்டுகிறவனுக்கு எல்லாம் தெரியும் பாருங்கள்!

கோமதி மேடம் மலரிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஏனுங்க, இது என்னால மட்டும் ஆகாதுங்க. நான் பேசிப் பேசி சரி பண்றவ. மாத்திரை எழுதற படிப்பு எனக்கு இல்லீங்க. இப்ப இவங்களுக்கு மொதல்ல மாத்திரைதான் வேணும். நாளைக்கே சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போயிருங்க. அதுவரைக்கும் பாப்பாவ இவங்ககிட்ட தனியா உடாதீங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"என்னங்க மேடம், எம்பொண்டாட்டியப் பைத்தியம்ங்கிறீங்களா? உங்களால ஆகாதுன்னா எதுக்குங்க வாசல்ல போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க?"

கீழே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மேடம் ஒரு டாக்டர் பெயரை எழுதி மலர் கையில் கொடுத்தார்.

நான் போகவில்லை. பதினெட்டு நாள் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் நல்ல தூறல். காப்பி காயப்போடும் களத்தில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, மலர் வாழவந்தி ரோட்டில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். பாப்பா எவ்வளவு நேரம் நனைந்தாள் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

நிமோனியா. குழந்தை ஒரு ஆஸ்பத்திரியில், தாய் இன்னொரு ஆஸ்பத்திரியில். அடப்பாவி, எல்லாம் உன் வீம்பால்தானேடா என்று என்னையே திட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் ஓடினேன்.

மலர் தேறினாள். மாத்திரைதான் அவளுக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. பாப்பாவுக்கு மட்டும் இன்னமும் பனிக்காலம் வந்தால் இளைப்பு... அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

சில மாதம் கழித்து சேலம் மனநல டாக்டரே சொன்னார், "மாத்திரையோட பேசறதுக்கும் ஒரு ஆள் வேணும்மா." மலர் யோசிக்கவே இல்லை. கோமதி மேடம்தான் வேண்டும் என்றாள்.

நான் மாடி ஏறவில்லை. கீழே வேனிலேயே உட்கார்ந்திருப்பேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஒரு வியாழக்கிழமை அவரே இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "நீங்களும் ஒரு நாளைக்கு வந்து உக்காருங்க. உங்களுக்கும் பேசறதுக்கு நொம்ப இருக்குமுங்க."

"எனக்கென்னங்க மேடம், நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்றேன். பொய். அது அவருக்கும் தெரியும்.

"அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று அடிவாரம் போனோம். வாசலில் நின்ற அவர் மகன், "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்கதானுங்க..." என்று இழுத்தேன்.

மலர் முன்னால் வந்தாள். "எனக்கு மனசு செரியில்லாம இருந்தப்ப அம்மாதாங்க பாத்துக்கிட்டாங்க" என்றாள். அத்தனை பேர் மத்தியில். அந்தத் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மனசுக்குள்ளாவது கேட்டுவிடலாம் என்று. பின்னால் கூட்டம் தள்ளியது... மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இதை மலர் படித்துப் பார்த்தாள். தன் பெயரை மறைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

போயிட்டு வாங்க மேடம். அன்னைக்கு நான் கத்துனது தப்புங்க.