எஞ்சின் மாப்பிள்ளை

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் எஞ்சின் மாப்பிள்ளை. முதலாளி அவருடைய மனைவியின் அண்ணன், அதனால் மாப்பிள்ளை. எஞ்சின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அது ஒட்டிய வெட்கக்கேட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

எந்த வேலையிலும் கால் ஊன்றாமல் வந்து சேர்ந்தவர் அவர். மருந்துக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற தன் கம்பெனியில் மச்சான் ஒரு நாற்காலி கொடுத்தார். கொடுத்ததை அடிக்கடி சொல்லியும் காட்டினார். மனைவி அங்கேயே கணக்குப் பார்த்தாள். அண்ணன் தன் புருஷனைப் பார்த்துக் கத்தும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். மாப்பிள்ளைக்குத் திட்டுகூடப் பெரிதில்லை, அந்தக் குனிந்த தலையைத்தான் தாங்க முடியாது.

மருந்துக்கடை என்றால் கடைக்கு ஒரு தள்ளுபடி, ஆளுக்கு ஒரு விதி. ஒவ்வொன்றுக்கும் மென்பொருளைப் பிரித்துப் பிரித்துக் கோக்க முடியுமா? விதிகளை எழுத உள்ளுக்குள் ஒரு சின்ன நிரல்மொழி வேண்டும், அதை ஓட்ட ஓர் எஞ்சின் வேண்டும். தொழிலில் அதை ரன்டைம் என்பார்கள். ஒற்றை ஆளாக எழுத உட்கார்ந்தால் தாவு தீர்ந்துவிடும். யார் யாரோ சேர்ந்து எழுதி, ஓப்பன் சோர்ஸ் என்று ஊருக்கே பொதுவில் வைத்திருந்த ஒன்றை எடுத்து மாப்பிள்ளை உள்ளே பொருத்தினார். அதில் தப்பே இல்லை. லைசென்ஸே அப்படித்தான் சொன்னது: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுச் சம்பாதித்துக்கொள். எழுதியவர்களின் பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் கூடவே வைத்திரு. இதைவிடப் பெரிய மனசு யாருக்கு வரும்?

எஞ்சின் ஓடுவதைப் பார்த்து மச்சான் வாயைப் பிளந்தார். "மாப்ளே, இதை நீயேவா எழுதுன?"

மாப்பிள்ளை சிரித்தார். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கணக்கு மேஜையில் மனைவி தலையை நிமிர்த்தினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இல்லையென்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அன்றைக்கே பெயர்கள் இருந்த அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டார். உள்ளே எங்கெங்கே பெயர் இருந்ததோ, தேடித் தேடி அழித்தார். தொடக்கத் திரையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கொடுத்தவர்கள் கேட்டது அந்த ஒரே ஒரு மரியாதை, அதையும் துடைத்துப் போட்டார் மனுஷன்!

அப்புறம் வாழ்வு வந்தது. மாமனார் வீட்டில் பேச்சுக்கு இடம் கிடைத்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மச்சான், "எஞ்சினே இவர்தான் எழுதினாரு" என்று தோளைத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மாப்பிள்ளை உள்ளுக்குள் கூசிப்போவார். தொடக்கத் திரை வந்தால் அது போகிறவரைக்கும் ஜன்னல் பக்கம் பார்ப்பார். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தார். பிறகு, மனைவி மறுபடி தலையைக் குனிவாளே என்று விழுங்கிவிடுவார்.

வருஷங்கள் கழித்து ஒரு பெரிய மருத்துவமனை அவர்கள் மென்பொருளைக் கேட்டது. வாங்கும் முன் உள்ளே வெளியார் எழுதியது என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவர ஓர் அம்மாளை அனுப்பியது.

"எல்லாம் நம்ம மாப்ளே கைவேலைம்மா. வெளிச்சரக்கு ஒரு வரிகூடக் கிடையாது," என்றார் மச்சான். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் எல்லாரும் பார்க்கப் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே ஒரு கோணல் விதியை எழுதினார், முடிவே இல்லாமல் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு சுற்றுகிற மாதிரி. எஞ்சின் திணறி நின்றது. திரையில் ஒரு செய்தி வந்தது: 'மன்னிக்கவும். இந்த இடத்தை எழுதும்போது கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. மறுபடி முயன்று பாருங்கள்.'

மாப்பிள்ளை தேடி அழித்ததெல்லாம் பெயர்களை. இந்த வரியில் பெயர் இல்லை, அதனால் தப்பிவிட்டது.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் மாப்ளே, உன் பையன் அப்பவே அஞ்சாம் கிளாஸ். கைக்குழந்தை எங்கேருந்துய்யா வந்துச்சு?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என் பொண்ணுங்க. இப்ப காலேஜ் போறா."

"என்னம்மா சொல்றீங்க?"

"இந்த எஞ்சினை நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து எழுதினோம் சார். இந்தப் பகுதி என்னோடது."

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. மாப்பிள்ளைக்குக் காது மடல் வரை எரிந்தது. கணக்கு மேஜைப் பக்கம் திரும்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"கேஸ் கீஸ் போடுவீங்களாம்மா?" மச்சானின் குரல் இறங்கிவிட்டது.

"எதுக்குங்க? எடுத்துக்கத்தானே வச்சோம். பேருங்களை மட்டும் திரும்ப வச்சுடுங்க. வச்சதும் ரிப்போர்ட்ல எழுதிடறேன், அவ்ளோதான்."

திட்டியிருந்தால் தேவலை. இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். இந்த அவ்ளோதானை அவரால் தாங்க முடியவில்லை.

"இப்பவே வச்சுடறேன்மா," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தால் அவர் ஏன் இந்த நிலைமைக்கு வருகிறார்? "தப்புதான்மா. ஆனா உங்க யாரையும் நான் மறக்கல. ஒவ்வொரு பேரும் மனசுல அப்படியே இருக்கு."

"அப்படிங்களா?" அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "என் பேர் என்னங்க?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். காலையில் வாசலில் அவர் நாற்காலி எடுத்துப் போட்டபோதுகூட அந்த அம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி தன் பெயரைச் சொல்லித்தான் உட்கார்ந்தார். அதுவும் வரவில்லை.

தலையை நிமிர்த்தாமலே, கணக்கு மேஜையிலிருந்து மனைவிதான் அந்தப் பெயரைச் சொன்னாள்.