ரஹ்மத் அக்காவின் இருட்டுப் பெட்டி

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரர், பின்னால் கட்டியிருந்த கேன்களைத் தட்டி என்ன என்று கேட்டார். உப்புத்தண்ணீர் என்றேன். நம்பவில்லை. மூடியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் துப்பிக்கொண்டிருந்தபோது ரஹ்மத் அக்காவின் மகன் அனஸ் போனில் கூப்பிட்டான். "அண்ணா, அம்மா தவறிட்டாங்க." காலையில் தொழுதுவிட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பாலக்காடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கேன்களில் இருந்தது அக்காவின் மீன்தொட்டிக்காக நான் கலந்து எடுத்துப் போன தண்ணீர். போலீஸ்காரர் போகச் சொன்ன பிறகும் வண்டியை எடுக்க வெகுநேரமாயிற்று.

கடல்மீன் வளர்க்கும் நம் கூட்டத்தில் ரஹ்மத் அக்காவைத் தெரியாதவர் குறைவு. நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய ஜவுளிக்கடை. கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் நடத்தினார். கல்லாவுக்குப் பின்னால் ஆள் நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. துணி எடுக்க வருகிறவர்களின் குழந்தைகள் அழாமல் இருக்க வைத்தது என்பார். பொய். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டினால் அவருக்குத்தான் அழுகை வரும்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, வீடு வீடாகத் தொட்டி அமைத்துக் கொடுத்துத் திரிந்துகொண்டிருந்தேன். தொட்டி வேலைக்காக அக்கா கடைக்குப் போன முதல் நாளே, "காலேஜ உட்டுட்டயாமா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "நல்லதாப் போச்சு. சொன்ன நேரத்துக்கு வருவே." அதற்கு மேல் என் படிப்பைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. என் சொந்தக்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

இருட்டுப் பெட்டி என் யோசனை. எத்தனை வடிகட்டி போட்டும் தொட்டித் தண்ணீரில் ஒரு மஞ்சள் சாயல் நின்றுகொண்டே இருந்தது. கடலில் வெளிச்சம் படாத பாறை இடுக்குகளில் கடற்பஞ்சு என்ற உயிர் வளர்கிறது. தண்ணீரை உடம்புக்குள் இழுத்து, கண்ணுக்குத் தெரியாத அழுக்கைத் தின்றுவிட்டு, மீதியை வெளியே விடுகிறது. அதற்கு ஓர் இருட்டறை செய்து கொடுத்தால் போதும் என்றேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தோம். தொட்டித் தண்ணீர் வடிகட்டாமல் அதில் வந்து விழும். கல்லுக்கும் சிப்பி ஓட்டுக்கும் இடையே மெதுவாகப் போகும். கடைசியில் ஒரு சின்ன மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். வெளிச்சம் நுழைந்தால் பாசி பிடித்துப் பஞ்சை மூடிவிடும். நான் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம் என்றேன். அக்கா கடையில் மிஞ்சிய புர்காத் துணித் துண்டுகளை இரட்டையாகத் தைத்துப் பெட்டிக்கு ஒரு உறை போட்டார்.

பஞ்சுக்கு எங்கே போவது? பொன்னானியிலிருந்து மீன் கொண்டுவரும் வேன்காரரிடம் சொல்லிவைத்தோம். சிப்பி ஓடுகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு அப்பியிருக்கும். மீனுக்குப் போடுகிற மாதிரியே ஐஸ் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தார். நாங்களும் சந்தோஷமாக உள்ளே அடுக்கினோம். மீன்வேனில் வருகிறது எல்லாம் ஐஸில்தானே வரும் என்ற புத்தி எங்கள் மூன்று பேருக்குமே இருந்தது. பஞ்சு ஒரு முறை காற்றைக் குடித்துவிட்டால் அதன் துளைகளிலிருந்து காற்று வெளியேறாது. உள்ளேயே அழுகும். கடை முழுக்க நாற்றம். "கல்யாணப் பொடவை எடுக்க வந்த பொம்பள, உள்ள பொணம் கிணம் இருக்குதான்னு கேக்கறாடா," என்றார் அக்கா.

அடுத்த தடவை அக்காவே வேனில் ஏறிப் பொன்னானிக்குப் போனார். சிப்பிக்காரர்கள் கழித்துப் போட்ட ஓடுகளைத் தண்ணீருக்குள்ளேயே வாளியில் எடுத்து, தண்ணீருக்குள்ளேயே மூடி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் சேலையில் காய்ந்த உப்புக்கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டு மூன்று மாதத்தில் மஞ்சள் சாயல் போய்விட்டது. உள்ளே எப்படி வளர்ந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க எனக்குக் கை பரபரக்கும். விடவே மாட்டார். துணியின் ஓரத்தை முகர்வார். கடல் மணம் என்றால் உயிர் இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய சோதனை. மத்தியான வெயிலில் கடைக்கு யாரும் வராத நேரம், கடைசிப் படியில் உட்கார்ந்து, அந்தக் கறுப்புத் துணியில் காதை ஒட்டிக்கொண்டு இருப்பார். அந்தப் பக்கம் போகவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். தொறந்து பாத்தா என்னக்கா?

"எங்க ஊட்டுக்காரரும் இருட்டுலதான் கெடக்கறாரு. தோண்டியா பாக்கறோம்? இருக்காருன்னு வெச்சுக்கறமில்ல."

அதன் பிறகு நான் டார்ச் எடுத்துப் போகவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை இன்வெர்ட்டரைப் பற்றித்தான். கடையிலிருந்த பழைய இன்வெர்ட்டர் நீண்ட நேரம் தாங்க வேண்டுமானால் ஒரு மோட்டாரைத்தான் அதில் மாட்ட முடியும். முன்தொட்டியில் அலை கிளப்பும் மோட்டாருக்குக் கொடுங்கள், மீன் முக்கியம் என்றேன். பெட்டி மோட்டாருக்குத்தான் என்றார். நான் கத்தினேன். அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "மீன் செத்தா மெதக்கும், ஓடி வருவே. இது செத்தா ஆருக்குடா தெரியும்? தெரியாம சாகறதுக்குத்தான் கரண்டு குடுக்கோணும்."

அடக்கம் முடிந்த மறுநாள் மறுபடி கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. அக்காவின் அண்ணன் சாவு வீட்டு முறைப்படி ஷட்டரை இறக்கும்போது மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டார். ஆள் இல்லாத கடைக்கு எதற்குக் கரண்ட்? யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அக்கா இருந்தவரை மெயினை ஒரு நாளும் அணைத்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

சாவு வீட்டில் போய் மீன்தொட்டிக்குச் சாவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. எதிர் டீக்கடையில் நின்றேன். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "காலைலருந்து அந்தம்மா கடைக்குள்ள என்னமோ கூப்படற மாதிரியே கேக்குது. நான் அந்தப் பக்கமே திரும்பறதில்லீங்."

ஷட்டரில் காதை வைத்தேன். கீச் என்று ஒரு சத்தம். நிற்கும். மறுபடி கீச். காதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பிறகுதான் புரிந்தது. பேட்டரி தீரப்போகும்போது இன்வெர்ட்டர் எழுப்பும் சத்தம். உள்ளே பெட்டி மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் பஞ்சு மூச்சு முட்டி அழுகும். மறுபடி கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தொட்டிக்கும் ஏறும். எதுவும் மிஞ்சாது.

அக்கா வீட்டு வாசலில் பந்தலுக்குள் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் அண்ணனிடம் போய் நேராகச் சாவி கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மய்யத்து எடுத்த ஊட்டுல மீனுக்குச் சாவி கேக்கறியா?"

மீனுக்கு இல்லீங்க என்றேன்.  அனஸ் எழுந்து, மாமாவின் சட்டைப்பையிலிருந்த சாவியை அவனே எடுத்துக்கொண்டு நடந்தான். யாரும் தடுக்கவில்லை.

ஷட்டரைத் தூக்கினோம். அக்கா சுல்தான் என்று கூப்பிடும் மஞ்சள் மீன் அடியில் செத்துக் கிடந்தது. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. படிக்கடியிலிருந்து வந்த மெல்லிய நீரோட்டம் விழுகிற மூலையில்தான் எல்லாம் கூடியிருந்தன. அதுதான் அவற்றைப் பிழைக்க வைத்திருக்கிறது. நான் சொன்னபடி மாட்டியிருந்தால், இருட்டில் அழுகியது மேலே வந்து எல்லாவற்றையும் முடித்திருக்கும். மெயினைப் போட்டேன். கீச்சொலி நின்றது. அந்த அமைதியில்தான் அக்கா இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அனஸ் படிக்கடியில் குனிந்து, "உள்ள உசுரோட இருக்குதாங்ணா? தொறந்து பாக்கட்டுமா?" என்று கேட்டான்.

துணியின் ஓரத்தை முகர்ந்தேன். உப்பு. கொஞ்சம் அத்தர். காதை ஒட்டினேன். தண்ணீர் ஓடியது.

இருக்குது, தொறக்காதே என்றேன். அவன் அம்மாவின் படியில் உட்கார்ந்து அவனும் காதை வைத்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வண்டியில் அப்படியே கிடந்த கேன்களைக் கொண்டுவந்து அவருக்கென்று கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

மெயின் ஸ்விட்சின் மேல் இப்போது அனஸ் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி வைத்திருக்கிறான். அணைக்கக் கூடாது என்பதற்கு அடையாளம். அதே துணியில் ஒரு கீற்று என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும், பார்க்காமலே காப்பாற்றுகிற அந்தப் பிடிவாதமும். வாரம் ஒரு முறை கொழிஞ்சாம்பாறைக்குப் போகிறேன். படியில் உட்கார்கிறேன். பெட்டியை இதுவரை திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடுகிறது. இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.