பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

2008ஆம் ஆண்டின் குளிர்காலத் தொடக்கத்தில்தான் பாட்டுக்காரக்காவை முதன்முதலில் சந்தித்தேன். அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநராக நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. குளிருக்காக ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டிருந்ததால், பசையின் வாடை வெளியேற வழியின்றி அறைகளிலேயே தங்கியிருந்தது. ஒருநாள் என் மேசைக்கு வந்த புத்தகத்தில் பதினாறு பக்கங்கள் தலைகீழாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அதைக் கையிலெடுத்துக்கொண்டு, கீழ்த்தளத்திலிருந்த பைண்டிங் பகுதிக்குப் படியிறங்கிச் சென்றேன்.

உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட மேசை ஒன்றின் ஓரமாகப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அச்சடித்த தாளைப் பதினாறு பக்கங்களாக மடித்தால் அதற்கு ஃபாரம் என்று பெயர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ஃபாரத்தின் அடுக்கு இருந்தது. முதலாமவர் ஒன்றை எடுத்து அடுத்தவரிடம் தருவார். அவர் தம்முடையதை அதன்மேல் வைத்து நகர்த்துவார். மேசையின் கடைசியில், பழைய கணினி ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்த பெண்மணி, முழுமையடைந்த தொகுப்பைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கட்டினார். அவரைத்தான் எல்லோரும் பாட்டுக்காரக்கா என்றார்கள். நான் அவரிடம் புத்தகத்தை நீட்டினேன்.

“பாட்டு முடியட்டும்மா,” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

நான் காத்து நின்றேன். பாட்டு முடிந்து அறை அமைதியானது. உடனே அவரைத் தவிர மற்றப் பெண்கள் எல்லோரும் முதுகை நிமிர்த்தி, ஒரே அசைவில் ஓரிடம் வலப்பக்கம் தள்ளி நின்றார்கள். அவருக்குப் பக்கத்தில், கடைசி இடத்தில் இருந்தவர் சுற்றிக்கொண்டு முதலிடத்துக்குப் போனார். அதன்பிறகே பாட்டுக்காரக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

“தலைகீழா இருக்குதுங்க,” என்றேன்.

“தலைகீழா நின்னு படிக்கறவங்களும் இருப்பாங்கல்ல, அவங்களுக்குன்னு போட்டிருப்போம்,” என்றார். மேசை முழுவதும் சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “மேல சொல்லிடாதீங்க. பிரிச்சு மாத்திக் குடுத்துடறேன்,” என்றார். சொன்னபடியே செய்தும் கொடுத்தார். அன்றிலிருந்து கீழ்த்தளத்தில் எனக்குப் பிழையம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய பாட்டுகள் அனைத்தும் அந்தக் கணினியில், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் சேமிக்கப்பட்டிருந்தன. ஒரு பாட்டு முடிந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும்: முழுப் பதிப்பை வாங்கினால் பாட்டுகள் இடைவெளியின்றித் தொடரும், ஒலி சீராகும், பெயர்கள் தாமாகத் திருத்தப்படும், அடுத்த பாட்டை மென்பொருளே தேர்ந்தெடுக்கும். கீழே ‘வாங்கு’, ‘பிறகு’ என இரண்டு பொத்தான்கள். ‘பிறகு’ என்பதை அழுத்தினால்தான் அடுத்த பாட்டைப் போட முடியும். அவர் அதை உடனே அழுத்தமாட்டார். பெண்கள் இடம் மாறிய பின்னர், தம் பக்கத்தில் வந்து நிற்பவரைப் பார்த்து, “அடுத்தது என்னடி?” என்பார். அந்த இடத்துக்கு வந்தவருக்கே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அது அந்த மேசையின் சட்டம்.

பாட்டுகளின் பெயர்களையும் அவரே தட்டச்சு செய்திருந்தார். ‘குழல்ல தொடங்கறது’, ‘பொண்ணு கோவிச்சுக்கறது’, ‘தலவலி வந்தா வேணாம்’ என்றெல்லாம் இருந்தன. சரியான பெயர்களை எழுதித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

“நீங்க சரி பண்ணினா எனக்குப் பாட்டே கிடைக்காதும்மா. இவங்க கேக்கற மாதிரிதானே எழுதி வச்சிருக்கேன்,” என்றார்.

எல்லோரையும் ‘டி’ போட்டு அழைத்த அவர், ஒருவரிடம் மட்டும் ‘அடுத்தது?’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வதை நான் சில வாரங்களில் கவனித்தேன். மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி அவர். பாட்டுக்காரக்காவின் இறந்துபோன அண்ணனுடைய மனைவி. இருவர் வீடும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுகள். காலையில் ஒரே பேருந்தில் வருவார்கள். ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலும் ஏறுவார்கள்.

காரணத்தைப் பாட்டுக்காரக்காவே ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

“எங்கண்ணன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வாய் தவறிடுச்சும்மா. ‘நீங்க ஒழுங்காப் பாத்திருந்தா இப்படி ஆயிருக்காது’ன்னு அண்ணியப் பாத்து எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அப்புறம் மன்னிப்பும் கேட்டேன். ‘சரி’ன்னு தலையாட்டினாங்க. அதோட பேச்சு நின்னு போச்சு.”

“ஒரு வார்த்தைகூட இல்லையா?”

“இருக்கே. இங்க அவங்க முறை வரும்போது ‘அடுத்தது?’ன்னு கேப்பேன். பாட்டுப் பேரைச் சொல்லுவாங்க. சொல்லித்தானே ஆகணும், சட்டம்ல?” தம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தை உதறினார். “அவ்வளவுதாம்மா எங்க பேச்சு வார்த்தை. அது இருக்கறவரைக்கும் உறவு அறுந்து போகலைன்னு நெனச்சுக்குவேன்.”

அதன்பிறகு, அண்ணி கடைசி இடத்துக்கு வரும்போது அந்த அமைதி சற்றே நீண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். “அடுத்தது?” என்பார் இவர். “குழல்ல தொடங்கறது,” என்பார் அவர், தாளைப் பார்த்தபடி. எப்போதும் அதே பாட்டுதான்.

சின்ன முதலாளி நல்ல மனிதர். அவர் ஒரு வசந்தகாலத்தில் கீழ்த்தளத்துக்கு வந்தபோது, அந்த அறிவிப்புக்கு முன்னால் பாட்டுக்காரக்கா கையைக் கட்டி நிற்பதைப் பார்த்துவிட்டார். மறுநாளே முழுப் பதிப்பை வாங்கிக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார்.

“இனிமே ‘பிறகு’ன்னு அழுத்திக்கிட்டே நிக்க வேண்டாம்க்கா. அதுவே பாத்துக்கும்,” என்றார். அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அதுவே பார்த்துக்கொண்டது. ஒரு பாட்டின் முடிவு தேய்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டின் தொடக்கம் அதற்குள் புகுந்தது. ‘குழல்ல தொடங்கறது’ என்பது காணாமற்போய், யாருக்கும் தெரியாத ஒரு நீண்ட பெயர் அதன் இடத்தில் இருந்தது.

“எல்லாப் பாட்டும் பேரை மாத்திக்கிட்டு நிக்குதும்மா. கடன்காரனுக்குப் பயந்து ஒளிஞ்ச மாதிரி,” என்றார் என்னிடம். சிரித்தார், ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

அமைதி இல்லாததால் எப்போது இடம் மாறுவது என்று பெண்களுக்குத் தெரியவில்லை. யாரும் பாட்டைக் கேட்கவும் தேவையிருக்கவில்லை. அண்ணி கடைசி இடத்துக்கு வந்தாலும், ‘அடுத்தது?’ என்பதற்குப் பொருளில்லாமற் போயிற்று. பாட்டுக்காரக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பாட்டும் முடியப்போகும் தறுவாயில் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினார். ஆனால், பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருந்ததால், முடிவு எது, தொடக்கம் எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

“அக்கா, கடைசி அடியை முழுங்கிட்டீங்க,” என்றாள் ஒருத்தி.

“ஏற்கெனவே பாதி அடுத்த பாட்டு வாய்க்குள்ள போயிடுச்சுடி. மீதியை நான் முழுங்கினேன்,” என்றார்.

பாதிப் பெண்கள் பிளக்கைப் பார்த்து நகர்ந்தார்கள். பாதிப் பேர் பாட்டைக் கேட்டு நின்றார்கள். விளைவு என் மேசைக்கு வந்தது. ஒரு கட்டு முழுவதிலும் நான்காம் ஃபாரம் இரண்டு முறை இருந்தது. ஐந்தாம் ஃபாரம் இல்லை. கதையின் நாயகன் இரண்டு முறை ரயிலேறினான், எங்கும் இறங்கவில்லை. இம்முறை மேலே சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

சின்ன முதலாளி கீழே வந்தார். மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். நடந்ததை ஒருத்தி விளக்கினாள். அவர் சற்று யோசித்தார்.

“அதுக்கென்ன, ஒரு மணி வாங்கி மாட்டிடலாம். நேரத்துக்கு நேரம் மணி அடிக்கும், நீங்க இடம் மாறிக்குங்க. பாட்டு பாட்டுக்கு ஓடட்டும்.”

அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. புத்தகங்கள் சரியாக வரும், பாட்டும் நிற்காது. பாட்டுக்காரக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அவர் நூற்கண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். காசு கொடுத்து வாங்கித் தந்தவரிடம் அது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால், ஏன் என்று கேட்பாரே. அந்தக் காரணத்தை இத்தனை பேர் முன்னால் சொல்ல முடியுமா?

“உங்க இஷ்டம் தம்பி,” என்றார்.

“மணி வேண்டாம்,” என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினோம். அண்ணி தாளைப் பார்க்கவில்லை. நேராகச் சின்ன முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க?” என்றார் அவர்.

“மணி அடிச்சா அடிச்சிட்டுப் போயிடும். அது எதுவும் கேக்காது.” அண்ணி கையிலிருந்த ஃபாரத்தின் மடிப்பை நகத்தால் அழுத்தினார். “அடுத்தது என்னன்னு அவ கேக்கட்டும். நாங்க சொல்லிக்கறோம்.”

பாட்டுக்காரக்கா நூற்கண்டைக் கீழே வைத்தார். கணினி ஒரு பாட்டை இன்னொன்றுக்குள் நழுவவிட்டது.

சின்ன முதலாளிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தலையைச் சொறிந்துகொண்டே கணினி முன் உட்கார்ந்தார். தாம் வாங்கிய வசதிகளை ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தார்.

“காசு குடுத்து வாங்கி, எல்லாத்தையும் அணைச்சு வைக்கற ஒரே அச்சாபீஸ் நம்மதா இருக்கும்,” என்றார்.

“பத்திரமா இருக்கட்டும் தம்பி. தேயாம இருக்கும்,” என்றார் பாட்டுக்காரக்கா. அவருக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

பாட்டுகளின் பெயர்களை அவரே மறுபடியும் தட்டச்சு செய்தார். பிழைகள் அனைத்தும் அப்படியே திரும்பி வந்தன. அன்று மாலைக்குள் அண்ணியின் முறை வந்தது. பாட்டு முடிந்தது, பெண்கள் நகர்ந்தார்கள்.

“அடுத்தது என்ன அண்ணி?” என்றார் பாட்டுக்காரக்கா.

“நீயே ஒண்ணு போடு,” என்றார் அண்ணி.

அவர்கள் உடனே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். அடுத்த சில மாதங்களுக்குப் பேச்சு அந்த இடைவெளிகளுக்குள்ளேயே நடந்தது. முதலில் பாட்டைப் பற்றி. பிறகு வெயிலைப் பற்றி. பிறகு, மாடிக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றி. ஒருநாள் காலை இருவரும் பேருந்தின் ஒரே வாசலில் ஏறியதைப் பார்த்தேன். யார் முன்னால் ஏறுவது என்று அப்போதும் ஒரு சிறு சச்சரவு இருந்தது.

ஆண்டுகள் கடந்தன. நான் ஓய்வு பெற்றேன். பின்னர் பாட்டுக்காரக்காவுக்கு நுரையீரல் நோய் வந்தது. எதிர்க்கதவுக்காரரான அண்ணிதான் உடனிருந்து பார்த்துக்கொண்டார். நான் பார்க்கச் சென்றபோது, கட்டிலின் தலைமாட்டில் அண்ணியின் கைபேசி பாடிக்கொண்டிருந்தது. அதிலும் இலவசமாகப் பாட்டுச் சேகரித்துக் கேட்கும் செயலி ஒன்று இருந்தது. பாட்டு முடிந்ததும், கண் மூடிக் கிடந்தவர் திடுக்கிடும்படி, துணி துவைக்கும் சோப்பைப் பற்றி விளம்பரத்தில் ஒருவன் கத்தினான்.

“ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுதும்மா. நடுவுல வந்து உக்காந்துக்கறான்,” என்றார் அவர்.

அடுத்த முறை சென்றபோது சோப்புக்காரன் இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஜன்னல் திரை அசைவதுகூடக் கேட்டது.

“மாசாமாசம் கட்டணுமாம்,” என்றார் அண்ணி. “பாட்டு ஓசியாம். சும்மா இருக்கறதுக்குத்தான் காசாம்.”

“அன்னிக்கு அந்தத் தம்பி காசு குடுத்து அந்த இடைவெளிய எடுத்தாரு. இன்னிக்கு எங்கண்ணி காசு குடுத்துத் திருப்பி வாங்கியிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, சிரிப்பும் இருமலுமாகத் தலையணையில் சாய்ந்தார். அண்ணி முதுகைத் தடவிக் கொடுத்தார்.

நான் கடைசியாகச் சென்றது வெயில் சாய்ந்த ஒரு பிற்பகலில். அதிகம் பேசும் நிலையில் அவர் இல்லை. அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்புகளை ஃபாரத்தை அழுத்துவதுபோல் நகத்தால் அழுத்தினார். குழலில் தொடங்கும் அந்தப் பாட்டு ஓடி முடிந்தது. அறை அமைதியானது. அண்ணி கைபேசியை எடுத்துக்கொண்டு, “அடுத்தது என்னடி?” என்று கேட்டார்.

அவர் கண்ணைத் திறந்தார். அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுவே கடைசி முறை என்று அண்ணி பின்னர் என்னிடம் சொன்னார்.

“பாட்டு போதும் அண்ணி. நீங்க ஏதாவது பேசிட்டிருங்க.”