பிரவுசருக்கு ஒரு மாஸ்டர் பீஸ்

1. எட்டும் கத்தியது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கல்லாவில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கடையில் இருந்த எட்டு கம்ப்யூட்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. ஆம்புலன்ஸ் போனால் கேட்குமே, அந்த மாதிரிச் சத்தம். தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். ஒரு பையன் செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டில் நின்றான்.

ஒரகடம் கூட்ரோட்டில் அப்போது நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் அதே இடத்தில் டீக்கடை. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கம்பெனி பஸ் வரும், ஷிப்ட் விட்டவர்கள் இறங்குவார்கள், கொஞ்ச நேரம் உட்காருவார்கள், போவார்கள். பால் பொங்குகிறதா என்று பார்க்கத் தேவையில்லை, அவ்வளவுதான். என் அக்கா மகன் கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டான். கடை என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூடம் பக்கம் போனவன் இல்லை. மவுஸைப் பிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. ஆரம்பத்தில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பேன், அது என்னமோ ஓடிவிடப் போகிறது என்கிற மாதிரி. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எந்தப் பட்டன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இடத்தை வைத்துத்தான் ஞாபகம்.

சத்தம் கேட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி சிவப்புப் பெட்டி. ஆன்டிவைரஸின் பெட்டி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று வாடிக்கையாளர் ஒருவரைப் படிக்கச் சொன்னேன். "பிரவுசர்ல வைரஸ் கீதாம், அழிக்கட்டுமான்னு கேக்குது" என்றார். இடது பக்கம் அழிக்கிற பட்டன், வலது பக்கம் விட்டுவிடுகிற பட்டன். இரண்டில் ஒன்றை அமுக்கினால்தான் பிரவுசர் அசையும் என்று எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது.

கூடி நின்றவர்களில் அழித்துவிடு என்று நாலு பேர், விட்டுவிடு என்று நாலு பேர். கையைக் கழுவிவிட்டு வந்து எதையும் தொடாமல் நின்றேன்.

2. பேச்சி மெயில் போட வேண்டும்

இந்த நேரத்தில்தான் பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் நாலு பேரோடு ஒரே ரூமில் இருந்தாள். பக்கத்து பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இன்ஸ்பெக்ஷன் வேலை. உருளை உருளையாக ஏதோ இரும்புத் துண்டு வருமாம், அளவு சரியா என்று பார்த்துத் தள்ளிவிடுகிற வேலை. எங்கள் கடைக்கு வந்தால் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்பாள். நேர் மேலே ஃபேன். அந்த இடத்துக்கு எப்போதும் போட்டி.

அந்த வாரத்தோடு அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. இன்னொரு பெரிய கம்பெனியில் பர்மனென்ட் வேலைக்கு மனு போட்டிருந்தாள். மறுநாள் காலையில் இன்டர்வியூ, வருகிறேன் என்று இன்றைக்குள் பதில் மெயில் போட வேண்டும், போடாதவர்களை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மெயில் வந்திருந்தது. மூன்று மணிக்கு செகண்ட் ஷிப்ட் பஸ். ஏறினால் திரும்பி வர நடுராத்திரி தாண்டிவிடும். தண்டலத்தில் வேறு சென்டருக்குப் போய்ப் போடலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிப் போய்விட்டு ஷிப்டுக்குத் திரும்ப முடியாது.

"இது கிடைக்கலன்னா ஊருக்குத்தான் போவணும் அண்ணாச்சி. மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ்" என்றாள். அழவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையில் இருந்த கர்ச்சீப்பைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடையில் ஒரே ஒரு பிரவுசர்தான் ஓடும். பழைய பிரவுசரைத் தொட்டால் தானாகப் பத்து விளம்பரம் திறக்கும் என்று எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற அன்வர் அதை மறைத்துவிட்டான். மறைத்ததை வெளியே எடுக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரில் நிஜமாகவே வைரஸ் இருந்தால் எதில் பாஸ்வேர்டு அடித்தாலும் போச்சு. பேச்சியின் மெயிலில் வேறு யாராவது புகுந்துவிட்டால் இன்டர்வியூவே இல்லை.

3. அன்வர் பயந்தது

அன்வர் எங்கள் மெக்கானிக். மண்ணூரில் இருந்து ஒரகடம் வரைக்கும் இருந்த பிரவுசிங் சென்டர் எல்லாம் அவன் பொறுப்பில்தான். நெட் அப்போது ஆமை வேகம். ஆன்டிவைரஸ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதனால் அன்வர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்டேட் சிடி ஒன்றோடு பைக்கில் கிளம்பி, கடை கடையாக ஏற்றிக்கொண்டே வருவான். பேப்பர் போடுகிற மாதிரி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லா கம்ப்யூட்டரும் தானாக ஸ்கேன் பண்ணும்படி செட் பண்ணியும் வைத்திருந்தான். எல்லாம் ஒன்றாகக் கத்தியதற்கு அதுதான் காரணம்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே வந்து இறங்கினான். முகம் பூராவும் வேர்வை.

"நைனா, எதுனா அமுக்கினியா?"

"ஒண்ணும் அமுக்கலப்பா. அப்போ கை பூரா தயிர் சோறு."

"நீ பொயச்ச. மண்ணூர்ல அழிக்கிற பட்டன அமுக்கிட்டானுங்க. பிரவுசரே பூட்சு."

எல்லாக் கடையிலும் இதே சத்தமாம். எல்லோரும் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கடையிலும் ஒரே நாளில் வைரஸ் வருமா, இது பொய்க் கத்தல்தான் என்று நான் சொன்னேன். அன்வர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னான்.

"எல்லா கடைக்கும் போனது யாரு நைனா? நானும் என் சிடியும்தான். அதுலயே வைரஸ் இருந்து நானே எல்லாத்துக்கும் ஒட்ட வச்சிருந்தா?"

அதுவும் சரிதான். அவன் அந்தத் தொழிலை நம்பித்தான் போன மாதம் நிக்காஹ் பேசி முடித்திருந்தான்.

4. பிரிண்டர் மேசைக்கு அடியில்

பேச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெட்டி என்ன சொல்கிறது, பிரவுசர் எங்கிருந்து வந்தது என்று அன்வரிடம் விசாரித்தாள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்து போட்டது என்றான் அவன்.

"எங்க லைன்ல அளவு பாக்க ஒரு கேஜ் இருக்கு. பீஸை அதுல வச்சா பச்சை லைட்டு, இல்லன்னா சிவப்பு. சில நாளு வரிசையா எல்லாமே சிவப்பா வரும். உடனே எல்லாத்தையும் ஸ்கிராப்புல போட்டிர மாட்டோம் அண்ணே. மாஸ்டர் பீஸை எடுத்து வச்சுப் பாப்போம். அதுக்கும் சிவப்பு காட்டுச்சுன்னா பீஸு நல்லாத்தான் இருக்கும், கேஜுதான் அவுட்டு."

"மாஸ்டர்னா?"

"அளவு சரின்னு தெரிஞ்ச, லைன் பக்கமே வராத பீஸு. பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருப்பாவ."

அன்வர் நெற்றியில் தட்டிக்கொண்டான். அவனுடைய அப்டேட் சிடியும் படாத, எங்கள் கம்ப்யூட்டரும் தொடாத ஒரு பிரவுசர் வேண்டும். அந்தப் பத்திரிகையின் இன்னொரு பிரதி, சிடி கவர் பிரிக்காமல். எங்கே போவது? அவன் இரண்டு பிரதி வாங்கியதும், ஒன்றை இங்கே மறந்து வைத்துவிட்டுப் போனதும் எனக்குத்தான் ஞாபகம் வந்தது. ஏனென்றால் அதை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பிரிண்டர் மேசையின் காலுக்கு அடியில் கொடுத்தவன் நான்தான்.

சிடியோடு சேர்த்தா மடிச்சே என்று அன்வர் கத்தினான். இல்லை, சிடியைத் தனியாகப் பிய்த்து, அதே மேசைக்கு அடியில் பேப்பர் கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன் என்றேன். மேசையைத் தூக்க மூன்று பேர் ஓடி வந்தார்கள். சிடி அட்டைக் கவரில் ஒட்டின ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. ஒரு பையன் அதைச் சாமி பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

அன்வர் சிடியைப் போட்டு, உள்ளே இருந்ததை ஏற்றாமல் வெறுமனே ஸ்கேன் மட்டும் பண்ணச் சொன்னான். கடை பூராவும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது.

கத்தியது. அதே ஆம்புலன்ஸ், அதே சிவப்புப் பெட்டி.

வைரஸ் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கத்தியதற்கு ஒரு கடை பூராவும் கை தட்டிச் சிரித்தது அன்றைக்குத்தான். அன்வர் பேச்சியைப் பார்த்துக் கும்பிட்டான். புதுப்பித்த ஆன்டிவைரஸ்தான் நல்ல பிரவுசரைத் தப்பாகப் பிடித்திருக்கிறது, அவன் எதையும் பரப்பவில்லை. எல்லாவற்றிலும் வலது பட்டனை அமுக்கிவிட்டு உட்காருங்கள் என்றான். ஐந்தாம் நம்பர் பேச்சிக்கு என்று நான் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை.

"இருங்க அண்ணே. கேஜ் அவுட்டுன்னா பீஸெல்லாம் நல்லதுன்னு அர்த்தம் இல்லல்லா. அந்தக் கேஜு சொன்னத நம்பக்கூடாதுன்னுதான் அர்த்தம். எங்கள மறுபடி ஒவ்வொண்ணா வேற கேஜுல பாக்கச் சொல்லுவாவ."

"பஸ்சு வந்துரும்மா" என்றேன்.

"வரட்டும் அண்ணாச்சி. பாஸ்வேர்டு என்னுதுல்லா."

அன்வர் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தான். முதல் கம்ப்யூட்டரில் சிடியில் இருந்து புதிதாக ஒரு பிரவுசரைத் தனி இடத்தில் ஏற்றி, அதன் சைஸைப் பார்த்துக்கொண்டான். வைரஸ் ஒட்டியிருந்தால் சைஸ் கூடிவிடுமாம். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருந்த பிரவுசரின் சைஸைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் மாஸ்டர் அளவுக்கு அச்சாக இருந்தது. ஐந்தில் நின்றுவிட்டான். அது மட்டும் கொஞ்சம் பெருத்திருந்தது.

அவன் பையில் வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் சிடி இருந்தது. அதை ஐந்தில் போட்டுப் பார்த்தான். அது கத்தாமல் அமைதியாக ஒரு வைரஸ் பெயரை எழுதிக் காட்டியது. மற்ற எல்லாவற்றிலும் பார்த்தபோது சுத்தம் என்று சொன்னது. முந்தின நாள் யாரோ கல்யாண போட்டோ பார்க்கப் பென் டிரைவ் செருகினார்கள். அதில் வந்திருக்கும் என்று அன்வர் சொன்னான். ஏழு கத்தல் பொய், ஒன்று நிஜம். எட்டும் ஒரே மாதிரிதான் கத்தின.

அன்வர் ஐந்தாம் நம்பரின் நெட் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பேச்சியை முதல் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தான். ஃபேன் இல்லாத இடம்.

5. பஸ் நின்றது

பாஸ்வேர்டு அடித்து அவள் மெயில் திறப்பதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பக்கம் பாதி வந்து நிற்கிறது. எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பஸ்ஸை நிறுத்தத் தெரியும். எதிர்க்கடையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு போய் டிரைவர் பக்கம் நீட்டினேன். என் பழைய டீக்கடை ஆள் அவர். இன்னா இன்னிக்கு உபசாரம் பலமா கீது என்று கேட்டார். சூடாகீது, மெதுவா குடி என்றேன்.

பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். ஏ பேச்சி, மாப்பிள்ளைக்குக் கடுதாசியா எழுதுத என்று ஒருத்தி கேட்டாள். எழுதி முடிக்கட்டும்டி, நாம போய் வேலை பாக்கதுக்கு என்ன அவசரம் என்று இன்னொருத்தி. டிரைவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். பாதி கிளாஸ் இருக்கும்போது பேச்சி ஓடி வந்தாள். போயிருச்சு அண்ணாச்சி, போயிருச்சு என்று சொல்லிக்கொண்டே படியில் ஏறினாள். பஸ் பூராவும் எதற்கு என்று தெரியாமலே விசில் அடித்தது.

சாயங்காலம் வரைக்கும் அன்வர் கடை கடையாகப் போய், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சைஸைப் பார்த்துவிட்டுத்தான் வலது பட்டனை அமுக்கினான். மாஸ்டர் சிடியையும் அந்தப் பத்திரிகையையும் அவனிடம் கொடுத்துவிட்டேன். மேசைக்கு ஒரு செங்கல் சில்லு போதும்.

இன்டர்வியூவில் நடந்ததைப் பேச்சி அடுத்த வாரம் வந்து சொன்னாள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர், கேஜ் நல்ல பீஸையெல்லாம் ரிஜெக்ட் பண்ணினால் நீ என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். இவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்து, பாதியில் சிரிப்பு வந்து, எங்கள் கடைக் கதையையே சொல்லிவிட்டாள். ஆம்புலன்ஸ் சத்தத்தையும் போட்டுக் காட்டினாளாம். நடுவில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கத்தல் பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் விடவில்லை என்று மட்டும் கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"அஞ்சாம் நம்பர்லதான சார் நான் உக்காருவேன்னு சொன்னேன்."

குவாலிட்டி டிபார்ட்மெண்டில் எடுத்துக்கொண்டார்கள். பர்மனென்ட்.

இப்போது கடை வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சிவப்புப் பெட்டி வந்தால் அழிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், முதலில் கையை எடுங்கள். பெட்டி குறை சொல்கிற புரோகிராம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து, உங்கள் மெஷின் தொடாத ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறொரு ஆன்டிவைரஸையும் கேளுங்கள். கத்தியது பொய் என்று தெரிந்தால் சந்தோஷமாகக் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டிவிட்டு, ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பாருங்கள்.