மாட்டக்காவின் எரு

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். தெருவுக்கு அவள் மாட்டக்கா. காலையில் லாண்டரி ஒன்றில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். மதியத்துக்கு மேல் வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையே கதி. அதில் ஏழு மாடுகள், ஒன்றுகூடக் கறவை இல்லை. பால் வற்றியதும், "உங்களுக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலை" என்று கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர்கள் விட்டுப்போன மாடுகள்.

"ஊர்ல எல்லாரும் பால் குடிப்பான். சாணி அள்ளுறதுக்கு மட்டும் என் பொண்டாட்டி" என்பார் அவள் கணவர். லாரி மெக்கானிக். சொல்லிவிட்டு அவரே ஏணியைச் சாத்தி, கொட்டகைக் கூரையின் ஓட்டையை அடைப்பார்.

இத்தனை வாயையும் ஒரு இஸ்திரிப் பெட்டியை நம்பி நிரப்ப முடியுமா? முடியாது. ஊர் ஓரத்தில், தண்டவாளத்துக்கு அப்பால், துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்ட காய்கறி நிலங்கள் இருந்தன. தோட்டக்காரர்கள் முட்டைக்கோஸின் வெளி இலை, சோளத்தட்டை, கீரைத்தண்டு என்று கொண்டுவந்து போடுவார்கள். போகும்போது மக்கிய எருவைச் சாக்கில் கட்டி எடுத்துப் போவார்கள். கையில் சில்லறை புழங்காத வியாபாரம்.

"காலால தள்ளாதீங்க, லட்சுமி இருக்கிற இடம்" என்று அதட்டுவாள். ஒப்புக்குச் சொல்வதில்லை, உண்மையாகவே நம்பினாள். மண் கொடுப்பதை மாடு தின்கிறது, மாடு விடுவதை மண் தின்கிறது, நடுவில் குப்பை என்று ஒன்றே கிடையாது. இதைவிட ஒரு சாமி வேறென்ன செய்துவிடும் என்று கேட்பாள். அவளைப் பொறுத்தவரை பக்தியும் மண்ணும் தனித்தனி இலாகா இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. தோட்டங்களில் கழிவே மிஞ்சவில்லை. மாடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தபோது அரிசி மண்டிக்காரர் தன் தாயின் நினைவாக ஒரு லாரி நிறைய வைக்கோல் அனுப்பினார். எங்கோ ஒரு பெரிய பண்ணையில் இயந்திரம் உருட்டிக் கட்டியது. பொன் நிறம். பிரித்துப் பார்த்தால் ஒரு களைச்செடி கிடையாது. அவள் ஒரு கொத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் தம்பி அப்போதுதான் வேன் ஓட்டுகிற வேலையை விட்டிருந்தான். கையில் இருந்ததையெல்லாம் போட்டு இரண்டு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, முழுக்கத் தக்காளி வைத்தான். மூட்டை உரம் வாங்கப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தியவள் அக்காதான். "அது மண்ணைக் கொன்னுரும்டா. என் எருவைப் போடு. பழம் உன் முஷ்டி தண்டி வரும்."

வைக்கோல் தின்ற மாடுகளின் சாணம் மக்கி எருவாகித் தம்பியின் நிலத்துக்குப் போனது. கொஞ்ச நாளில் அவன் ஒரு தளிரைக் கிள்ளிக்கொண்டு வந்து நின்றான். இலை விரியாமல், குழந்தை கையை மூடிக்கொண்டாற்போல் சுருண்டிருந்தது.

"என்னக்கா இது? பூச்சியும் காணோம்."

"சத்துக் குறைவுடா. எருவைக் கரைச்சு ஊத்தினா சரியாயிடும்."

அவளே வாளி வாளியாகச் சாணம் கரைத்து, மனதுக்குள் வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஊற்றினாள். தம்பி தண்ணீர் சுமந்தான். மறுவாரம் நிலம் முழுக்கச் செடிகள் முறுக்கிக்கொண்டு நின்றன. பூ வைத்ததும் உதிர்ந்தது.

விவசாய அலுவலகத்திலிருந்து வந்த பெண் சின்ன வயசு. காதில் பேனாவைச் செருகியிருந்தாள். செடியைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: "எரு யார்கிட்ட வாங்குனீங்க?"

தம்பி குனிந்து ஒரு செடியை நிமிர்த்தினான். "நான்தான் குடுத்தேன்" என்றாள் மாட்டக்கா.

"மாட்டுக்கு என்ன தீனி?"

சொன்னாள். அந்தப் பெண் விளக்கினாள். பெரிய பண்ணைகளில் ஒரு களைக்கொல்லி அடிப்பார்கள். அது அகல இலைச் செடிகளைத்தான் கொல்லும், புல்லைத் தொடாது. வைக்கோலில் அப்படியே தங்கும். மாடு தின்றால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, சாணத்தோடு வெளியே வந்துவிடும். ஆனால் அந்தச் சாணம் விழுந்த மண்ணில் தக்காளியும் அவரையும் பிழைக்காது. வருஷக்கணக்கில்கூட அப்படி இருக்கலாம்.

"பசு வயித்துக்குள்ள போனா விஷம்கூடச் சுத்தமாயிடும்னு சொல்லுவாங்களேம்மா."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. என் பேச்சை நம்ப வேணாம். ரெண்டு தொட்டி எடுங்க, ஒண்ணுல வெறும் மண்ணு, ஒண்ணுல உங்க எரு. ரெண்டுலயும் அவரை விதை போட்டுப் பாருங்க."

மாட்டக்கா எருவின் பக்கம்தான் சாய்ந்தாள். வெயில் நன்றாக விழும் சமையலறை ஜன்னலில் எருத் தொட்டி. வெறும் மண்ணுக்கு மூலை. எருத் தொட்டிக்குத்தான் முதல் தண்ணீர். மூலையில் இருந்த அவரை இலை விரித்துக் கொடி வீசியது. ஜன்னலில் இருந்தது தேள் கொடுக்கு மாதிரி வளைந்து நின்றது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அதன் எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய மூச்சு விடாதே" என்றார் கணவர். "ஒரு மழை பெஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும்."

"எனக்குப் போனது போச்சுக்கா" என்றான் தம்பி. "நீ சொல்லிட்டேன்னா நாளைக்கு ஒருத்தனும் தழை கொண்டுவர மாட்டான். ஏழு மாடும் எதைத் தின்னும், என் தலையையா?"

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் மாடுகளுக்காகப் பேசியதுதான் அவளைக் குத்தியது.

"தபால்காரரு போன மாசம்தானே எடுத்துட்டுப் போனாரு. இன்னும் சாக்கைப் பிரிச்சிருக்க மாட்டாருடா" என்று செருப்பை மாட்டினாள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் சாக்கைப் பிரித்திருந்தார். அவருடைய பீன்ஸ் பாத்தி முழுக்கச் சுருண்டிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இலை கோணலா தெரியுது, கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நேத்துதாம்மா புதுக் கண்ணாடி போட்டேன்." சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து அவருக்கும் நின்றுவிட்டது.

தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் கொட்டகை வாசலில் எருச் சாக்குகள் அடுக்கியிருந்தன. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அதன்பின் ஒரு கீரைத்தண்டும் வரவில்லை.

அரிசி மண்டிக்காரருக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கம்மா பேர்ல குடுத்ததும்மா அது. புண்ணியத்துக்குக் குடுத்தா விஷம்ங்கிறியே, நாக்கு அழுகிடாது?"

"உங்க மேல தப்பு இல்லீங்க. நானும்தான் அதைக் கும்பிட்டேன்."

"போதும்மா. இனிமே இந்தப் பக்கம் வராதே."

எருவை வாங்க ஆள் இல்லையென்றால் ஏழு மாட்டின் சாணம் எங்கே போகும்? குவிந்தது. ஈ மொய்த்தது. நேற்றுவரை, கண் விழித்ததும் பசு முகம் பார்ப்பது யோகம் என்று ஜன்னலைத் திறந்த பக்கத்து வீட்டம்மாவே சுகாதார ஆபீஸில் புகார் கொடுத்தாள். வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஒரு மாடு வச்சுக்கலாம். மத்ததெல்லாம் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

தெரிந்தவர், தெரியாதவர் என்று போன் போட்டாள். மாட்டுத் தரகர் உடனே வருவதாகச் சொன்னார். எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா?" என்றார். வைத்துவிட்டாள். கடைசியில் தொலைவில் ஒரு காப்பகம் இடம் தந்தது, லாரியில் ஏறி நிற்கக்கூடிய மாடுகளுக்கு மட்டும்.

ஆறு ஏறின. கால் ஊனமான செவலையால் ஏற முடியவில்லை. அவள் ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டாள். டிரைவரிடம், "இதுங்க சாணியைக் கொஞ்ச நாளைக்குத் தோட்டத்துக்குக் குடுக்க வேணாம்னு அங்க சொல்லிடுங்கண்ணே" என்றாள்.

"சாணியில போய் விஷமா! நல்லா பயமுறுத்துறீங்கக்கா" என்று கதவைச் சாத்தினார். சொல்வாரென்று அவள் நம்பவில்லை. காப்பகத்துக்கு அவளே போன் செய்தாள். எடுத்தவர், "சரிங்க, சரிங்க" என்று சட்டென வைத்துவிட்டார்.

செவலைக்கு அவளே ஆற்றங்கரையில் புல் அறுத்துப் போட்டாள். புதிய சாணத்தைத் தனியாகச் சேர்த்து மக்கவைத்து, மறுபடி அவரை போட்டாள். இலை விரிந்தது. தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தம்பியைத் தேடிப் போனாள். அவன் இப்போது சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறான்.

"பாருடா, இப்ப சுத்தமா இருக்கு. மறுபடி போடலாம்."

தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இலையைத் தொட்டுப் பார்த்தான். "நல்லா வந்திருக்குக்கா. ஆனா எங்க போடுறது? குத்தகையை விட்டு மூணு மாசமாச்சு." மேஸ்திரி கூப்பிட்டார். போய்விட்டான்.

தபால்காரரும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே மூட்டை உரத்தின் வாயைப் பிரித்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை.

இப்போது தினமும் காலையில், லாண்டரிக்குக் கிளம்புமுன், செவலையின் சாணத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் வைக்கிறாள். குப்பை வண்டிக்காரருக்கு ஆரம்பத்தில் மனசு ஒப்பவில்லை.

"இதப் போய் இந்த அசிங்கத்தோட போடுறதா? பாவம்க்கா. யாராவது தோட்டக்காரங்களுக்குக் குடுக்கலாமே?"

"வாங்க மாட்டாங்க. போடுங்க."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேன்" என்றாள். வண்டி நகர்ந்தது. இஸ்திரிக்கு நேரமாகிவிட்டது என்று அவளும் நடந்தாள்.