முள் நடுவில் நின்றது

என் அக்கா புருஷன் இந்த முறை சிங்கப்பூரிலிருந்து கழுத்தில் ஒரு பழைய பிலிம் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கடலூருக்கு வந்தார். சாப்பிடும்போதும் கழற்றவில்லை. சால்னா பட்டுவிடப்போகிறது என்று அக்காதான் முந்தானையால் மூடினாள். டிஜிட்டலில் ஆன்மா கிடையாது என்றார். அந்த ஆன்மாவுக்குப் பேட்டரி தேடித் திருப்பாதிரிப்புலியூர் முழுக்க அலைந்தவன் நான்.

இந்த அலட்டலை நான் பொறுத்துக்கொண்டது அம்மாவுக்காக. போனைத் தூக்கினாலே துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். எடுத்த படம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஏறி துபாய் வரை போய்விடும் என்று பயம். அவள் முகம் எங்களிடம் இருப்பது ஆதார் அட்டையில் மட்டும். அதில் பார்த்தால் பிக்பாக்கெட் என்றுதான் சொல்வார்கள். பிலிம் படத்தைப் பிரிண்ட் போட்டு பீரோவில் வைத்துக்கொள்ளலாம், வெளியே போகாது என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். அந்த ஒரு படம் எனக்கு வேண்டியிருந்தது.

மச்சான் அவளை வெள்ளைத் துப்பட்டியோடு, புதுச் சுண்ணாம்பு அடித்த கொல்லைச் சுவரோரம், உச்சி வெயிலில் நிறுத்தினார். படம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணாமலை நகரில் படிக்கும்போது பிச்சாவரத்துக் கொக்குகளை ஒரு ரோல் முழுக்க அழுக்குத் துணியாக எடுத்துத் தள்ளியவன் நான். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வெள்ளை என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதைக் காட்டினாலும் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் ஜாஸ்தி என்று பதறிக் குறைக்கச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டால் துணி சாம்பலாகும், முக்காட்டு நிழலில் இருக்கும் முகம் கரியாகும். முகத்துக்குப் பக்கத்தில் போய் அளந்து பாருங்கள், இல்லையென்றால் இரண்டு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விடுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

"மீட்டர் முள்ளு கரெக்டா நடுவுல நிக்குது மச்சான். ஜப்பான்காரனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்றார்.

வீட்டு மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் அவர் சொன்னால் பகலும் இரவாகும். முள் சொன்னபடியே எடுத்தார்.

சென்னை லேப் படத்தை ஸ்கேன் செய்து அவர் போனுக்கே அனுப்பியது. மனுஷர் உடனே அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். சாம்பல் சுவர், சாம்பல் துப்பட்டி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்பு. துபாயில் இருக்கும் சாச்சா மாஷா அல்லாஹ் என்று போட்டிருந்தார். எதைப் பார்த்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா போனை அம்மாவிடம் நீட்டினாள். இன்று வீடு இரண்டாகப்போகிறது என்று நின்றேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். கம்ப்யூட்டரில் போட்டு முகத்தை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று மச்சான் ஆரம்பித்தார்.

"வேணாம் மாப்ள. மொகமே தெரியல, அல்ஹம்துலில்லாஹ். இப்புடியே இருக்கட்டும்."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். விமானம் ஏறும்வரை சொல்லித் திரிந்தார்.

போன வாரம் ஊருக்குப் போனபோது, ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் மறுபடி கேட்டேன்.

"அதான் ஒன்னு இருக்குதே," என்றாள்.